பம்பை ஒலிக்காத படத்தில் என் அம்மா

இந்த ஊரில் நாம் வீட்டில் இல்லாத நேரம் பார்சல் வந்தால், தபால்காரர் அதைத் திருப்பி எடுத்துப் போக மாட்டார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அங்கே கொடுத்துவிட்டு, நம் தபால் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, ரொட்டி பழகிவிட்டது, இந்த வழக்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் என் சாமான் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. குலுக்கிப் பார்த்தாரோ, முகர்ந்து பார்த்தாரோ, யாருக்குத் தெரியும்? எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் யாராவது நம் பார்சலை வாங்கி வைத்தால் உள்ளே என்ன என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார்கள். நாமும் சொல்லிவிடுவோம், விஷயம் முடிந்தது. இவர்கள் கேட்பதில்லை. கேட்காத மனிதர்களிடம் நான் சற்றுத் தள்ளியே நிற்பேன்.

எங்கள் மாடியில் எதிர் வீட்டுக்காரர் டீட்டர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். காவாந்தண்டலத்திலிருந்து அம்மா அனுப்பிய வேர்க்கடலைப் பார்சல் ஒருநாள் அவரிடம் மாட்டிக்கொண்டது. வாங்கப் போனேன். பெட்டியைக் கொடுக்காமல், அனுப்பியவர் முகவரியில் விரலை வைத்து, “ஊட்டிராமெரூர்?” என்றார். எனக்குத் திக்கென்றது. இவருக்கும் எங்கள் தாலுகாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆமாம் என்று பாதி மனதோடு தலையை ஆட்டினேன். இரண்டு கையையும் மேலே தூக்கி ஏதோ கத்திவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வீடியோ வட்டு. உறை மேல் ஜெர்மன் எழுத்து, அதற்குக் கீழே சின்னதாகத் தமிழில்: ‘பம்பைக்காரன் பதினாறாம் நாள்’. வெளிநாட்டில் தமிழ் எழுத்தைக் கண்டால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பயம்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே கடல் தாண்டி வந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ‘பம்பைக்காரன் கல்யாணம்’ என்ற முதல் படம் வந்தபோது எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு தாலிகூடக் கட்டப்படவில்லை. அம்மன் கோயிலில் பம்பை அடிக்கிற ஒருவனுக்குப் பெண் கிடைக்காத கதை. பேச்சு குறைவு, பதினான்கு பாட்டு. அந்தப் படத்துக்கென்று ஒரு பைத்தியக் கூட்டமே இருந்தது. பிள்ளைகளுக்குக் கதாநாயகன் பெயரை வைத்தார்கள். இரண்டாம் படத்தை நாங்கள் வாழும் ஊர்களிலேயே எடுக்கிறார்கள் என்றதும் வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. படம் வந்தது. முதல் காட்சியிலேயே பம்பைக்காரன் செத்துப்போனதாகச் சேதி வருகிறது. விசில் அடிக்க வந்த ஜனம் எழவு வீட்டில் உட்கார வைக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு நாற்காலியைக் கிழித்தது. உத்திரமேரூரில் நான்கு நாள் ஓடியது. பிறகு பஸ் ஸ்டாண்டில் சிடி போட்டு விற்றார்கள், அதுவும் தூசி படிந்து கிடந்தது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

டீட்டர் படம் பார்க்க வரச்சொன்னார். இரண்டு முறை தலைவலி என்று தட்டிக்கழித்தேன். மூன்றாம் முறை, ஞாயிறு மத்தியானம், வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சுவர் முழுக்க வட்டுகள். யாரும் பார்க்காத படங்களைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து வெளியிடும் சிறு கம்பெனிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றை வாங்க இவரைப் போன்ற மனிதர்களும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் தோல்விப் படத்தை ரசித்தால் அதில் ஏதோ கேலி இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சிரிக்கிறாரா என்று அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஏனென்றால் படம் அப்படி. செத்தவனின் கூட்டாளிகள், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை பம்பையைத் தொடுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அதனால் படத்தில் பம்பைச் சத்தமே கிடையாது. உலக்கை இடிக்கிறது, கிணற்று ராட்டினம் கீச்சிடுகிறது, சைக்கிள் மணி, ஈரத் துணியைக் கல்லில் அறையும் ஓசை, இவற்றை வைத்தே ஒன்பது பாட்டு கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் பம்பை வர வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். காது அங்கே போய்ப் போய் ஏமாறுகிறது. முடிவில் ஒரே ஒரு அடி, அதோடு திரை இருண்டுவிடுகிறது. நாற்காலியைக் கிழித்தவர்களில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர். எவ்வளவு நல்ல படத்துக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் பாட்டைப் பற்றி. அது ஓர் ஒப்பாரி. பிணத்தோடு படத்தைத் தொடங்கினால் விளங்காது என்று பயந்து, வெளியாவதற்கு முன்பே அந்த ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். தியேட்டரில் அது ஓடவில்லை, சிடியிலும் இல்லை. லேப் ஒன்றில் கிடந்த சுருளைக் கண்டுபிடித்து இந்த வட்டில் சேர்த்திருப்பதாக உள்ளே இருந்த புத்தகம் சொன்னது. படமெடுத்த இடம் உத்திரமேரூர் அருகே திருப்புலிவனம் என்றும் போட்டிருந்தது. டீட்டருக்கு எங்கள் ஊர் தெரிந்த ரகசியம் இவ்வளவுதான். நான்கு பெண்கள் தலைவிரி கோலமாகப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். நடிகைகள் இல்லை, உள்ளூர்ப் பெண்கள். முன்னால் இருந்து பாடியவள் முகத்தைத் தூக்கியதும் என் கையிலிருந்த காபி மடியில் கொட்டியது. அது என் அம்மா. முப்பத்தைந்து வயதுகூட ஆகாத அம்மா.

டீட்டர் படத்தை நிறுத்தினார். இவள் யார் என்று யாருக்கும் தெரியாது, பெயர்கூடப் போடவில்லை என்று வருத்தப்பட்டார். “என் அம்மா” என்றேன் ஜெர்மனில். அவர் கண் கலங்கிப்போய், “ஆமாம், நம் எல்லோருக்கும் அம்மா அவள்தான்” என்றார். திருத்தலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வேண்டாம், இவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் திரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். பாட்டு முழுக்க அவள் இடது கை கழுத்தடியில் முஷ்டியாக மூடியபடி இருக்கிறதே, இதயம் நின்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். மற்ற மூன்று பேரும் அப்படித்தான் பிடித்திருந்தார்கள். நாலாவது நிமிடத்தில் பிணமாகக் கிடந்த நடிகர் மூக்கில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. பாடிக்கொண்டே அம்மா அந்த இடது கையை எடுத்து ஈயை விரட்டிவிட்டு, மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோகிறாள். டீட்டர் அதை மூன்று முறை ஓட்டினார். சினிமாவில் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை எதை மூடியிருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் கயிற்றை.

படப்பிடிப்பு முடிந்த பதினெட்டாம் நாள் நைனா, என் அப்பா, செத்துப்போனார். நிலக்காரர் வீட்டு மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் பேச்சு கிளம்பியது. சினிமாக்காரனுக்காக எவளோ வெறும் ஒப்பாரி வைத்தாளாம், சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி வைத்தால் அது பாடியவள் வீட்டைத் தேடி வருமாம். என் அத்தை, நைனாவின் அக்கா, அம்மா முகத்தைப் பார்த்தே கேட்டாள்: “எவ பாடினா எவ தாலி அறுந்துச்சின்னு ஊருக்கே தெரியும். நீ போனியா இல்லியா?” வேர்க்கடலை பறிக்கப் போனேன் என்று அம்மா சொன்னாள். மற்ற மூன்று பெண்களும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர்களும் மாட்டுவார்கள். அந்தப் படத்தின் பேச்சு எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். நானும் நம்பியும் நம்பாமலும் வளர்ந்தேன்.

லீவில் ஊருக்குப் புறப்படும்போது டீட்டர் அந்த வட்டை என் கையில் திணித்தார். எதற்கு இலவசமாகக் கொடுக்கிறார் என்று விமானம் ஏறுகிறவரை யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன மறுநாளே கேட்டுவிட்டேன்.

“யம்மா, பம்பைக்காரன் ரெண்டாம் படத்துல நீ பாடினியா?”

“எவ சொன்னது? நான் எங்கடி பாடினேன்? மல்லாட்ட புடுங்கப் போய்க்கினு இருந்தேன்.”

“யாரும் சொல்லல. நானே பாத்தேன், ஜெர்மனில.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “ஜெர்மன்காரன் எம்மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கறான்?”

அவளுக்கு என் மேல் சந்தேகம். அந்த நாட்டுக்காரன் மேல் அதைவிடச் சந்தேகம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றாள். இரண்டு பேரும் உத்திரமேரூர் போனோம். முன்பு சிடி விற்ற கடைக்காரர் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார். பழைய பிளேயர் ஒன்று வைத்திருந்தார். வட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது இங்க ஓடாதுக்கா. அந்த ஊர் மிஷின்லதான் ஓடற மாதிரி பூட்டு போட்டு அனுப்பறான்” என்றார். அம்மா வெயிலில் வாசலோடு நின்றிருந்தாள். ஓடாது என்று சொன்னதும் அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். “அந்தப் பொம்பள எடது கைய எங்க வெச்சிக்கினு கீறா?”

“கழுத்தாண்ட. தாலிய மூடிக்கினு.”

பிறகு தானாகச் சொன்னாள். “சாவு இல்லாம வாயத் தொறக்க மாட்டோம்னுதான் நாலு பேரும் சொன்னோம். ஆளு மேல ஆளு வந்து கெஞ்சினானுங்க. நான்தான் சொன்னேன், செத்துப்போன எங்கம்மாவ நெனச்சிக்கினு பாடலாம், தாலிய கையால மூடிக்கினா சாவுக்குத் தெரியாதுன்னு. நாலு பேரும் அப்டியே பண்ணோம். அவளுங்க மூணு பேரு புருசனும் நல்லாத்தான் இருந்தானுங்க. அப்போ நான்தானே எங்கியோ கைய எட்த்திருக்கணும்? எனக்கு நெனப்பு இல்லடி. எத்தினி வாட்டி ரோசன பண்ணியும் நெனப்பு வரல. நீ பாத்தியே, எட்த்தேனா?”

நான் நர்ஸ். மோட்டாருக்கு எர்த் கம்பி இல்லை, அதுதான் காரணம், உன் கை இல்லை என்று சொன்னேன். “அந்த மோட்டார நிலக்காரனுந்தான் தெனம் போட்டான், அவன் சாவலியே” என்றாள். இத்தனை வருடம் இந்த ஒரு கேள்வியோடு சோறு தின்று, களை பறித்து, என்னைப் படிக்க வைத்து, விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். என்மேல் எனக்கே கோபம் வந்தது. அத்தையைப் போலவே நானும் அவளைச் சந்தேகம் மட்டும் பட்டிருக்கிறேன்.

“எடுக்கலமா. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ நல்ல பொய் சொல்லிப் பழகிய முகம் இது. அவளுக்குப் போதவில்லை. “எந்தலமேல கைய வெச்சி சத்தியம் பண்ணு” என்றாள், பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில். வைத்தேன். எண்ணெய்த் தலை வெயிலில் சூடாக இருந்தது. “சத்தியமா எடுக்கல” என்றேன்.

“அப்போ உங்க நைனாவ நான் சாவடிக்கல” என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ் வந்தது, ஏறினோம்.

பிரேமனுக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. வட்டை டீட்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அலமாரியில் அது பத்திரமாக இருக்கும், எங்கள் ஊர் மிஷினில் ஓடாது. பொய்ச் சத்தியத்தால் யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று வார்டில் வெள்ளைக் கோட்டோடு நிற்கும்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் கை வைத்த தலை காவாந்தண்டலத்தில் இருக்கிறது. அங்கே என்ன ஆகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பு வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தவள் இப்போது தினமும் போன் செய்கிறேன். காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சாப்பிட்டாயா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். “இன்னாடி மறைக்கிற?” என்று அவளும் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

நேற்று நான் அடித்தபோது எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. நோயாளிக்கு ஊசி போட வேண்டிய நேரம், நான் மருந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தேன். ஐந்தாவது முறை எடுத்தாள். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாளாம், போன் வீட்டிலேயே இருந்துவிட்டதாம். “அஞ்சு வாட்டி அடிச்சேன்மா” என்றேன்.

“உயிரோடதான் கீறேன்” என்றாள் மெதுவாக. “அந்தச் சத்தியத்த நீ எனக்காகத்தான் பண்ணேன்னு தெரியும். போ, போய் வேலயப் பாரு.”