கயிறு பிடித்த ரோச்

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். தூத்துக்குடியில் கடலுக்குள் இறங்கவும் மச்சான்தான் வேண்டும். சங்கு குளிக்கிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? ரோச்சின் பிழைப்பு அதுதான். தங்கை பிலோமினாவின் புருஷன் இஞ்ஞாசி அடியில் இருந்து கயிற்றைச் சுண்டினால் மேலே தூக்குவான். சுண்டுமுன் தூக்கினால் போச்சு. மூச்சுப் பிடிக்கத் துப்பில்லாதவன் என்று குளித்தவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். ஒருமுறை அப்படித் தூக்கியதற்கு இஞ்ஞாசி வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த இஞ்ஞாசிக்குத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனது. எமர்ஜென்சி காலம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் செருகி, மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ஊறவைத்து, கட்டிலுக்கடியில் இருந்த பாட்டிலில் வடித்தார்கள். டயாலிசிஸ் என்றார்கள். வார்டு முழுவதற்கும் நர்ஸ் ஜெயபாய் ஒருத்திதான். நாசரேத்துக்காரி, தங்கமானவள். ஆனால் அவளுக்கும் இரண்டு கால்தானே.

"தண்ணி சரியா வடியலன்னாலும், மூச்சு முட்டினாலும் உடனே சொல்லணும் அண்ணாச்சி" என்று ரோச்சிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

மத்தியானத்துக்குமேல் வடிவது குறைந்தது. இஞ்ஞாசியின் வயிறு பானையாக உப்பியது. உதடு கறுத்தது.

"முட்டுதா மச்சான்?"

இஞ்ஞாசி இல்லை என்று தலையாட்டினான். ரோச்சும் ஜெயபாயைக் கூப்பிடவில்லை. அவன் வாய்திறக்குமுன் இவன் சொன்னால் அவனுக்கு அவமானம் அல்லவா? பாழாய்ப்போன கடல் வழக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளும் கூடவே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். கட்டில் கட்டிலாக ஒரே கேள்வி: "கவனிப்பு திருப்தியா இருக்கா?" குறை சொன்னால் கட்டில் போய்விடும் என்று பயந்து எல்லோரும் திருப்தி என்றார்கள். இஞ்ஞாசியும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு குறையும் இல்ல ஐயா" என்றான்.

அதிகாரி நகர்ந்தார். பேசவேண்டும் என்று ரோச் நினைக்கக்கூட இல்லை, வார்த்தை வந்துவிட்டது.

"ஐயா, அவன் பொய் சொல்லுதான். தண்ணி வடியல. மூச்சு முட்டிச் சாகப்போறான்."

அதிகாரி எல்லோர் முன்னாலும் ஜெயபாயை வறுத்தெடுத்தார். அவள் குழாயின் அடைப்பை நீக்கித் தண்ணீரை வடியவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"எங்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டாள். ரோச் கூனிக் குறுகிப்போனான்.

இஞ்ஞாசிக்கு மூச்சு திரும்பியது. திட்டப்போகிறான் என்று ரோச் காத்திருந்தான். அவனோ மச்சானின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான்.

"பயந்துட்டேன் மச்சான்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து ரோச் கேட்டிராத சொல் அது.

கொஞ்சநேரம் கழித்து இஞ்ஞாசியே கேட்டான்: "அடுத்த வாரமும் இங்கனதான் வரணுமாமே. அந்தப் பிள்ளை இனி நம்மளப் பாக்குமா?"

ரோச் ஜெயபாயைத் தேடினான். அவள் வார்டின் மறுகோடியில், முதுகைக் காட்டி நின்று, யாருக்கோ பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள்.