பஸ்லினா சாச்சியின் ஒரு சாண் பாத்தி

அக்குறணையில் இருக்கும் என் சின்னம்மா, பஸ்லினா சாச்சி, பொய் சொல்பவர் அல்ல. நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். பிறகு அதை நடத்திக்காட்ட ஓடுவார். மகள் பர்ஹானாவுக்குத் தெல்தெனியவில் மாப்பிள்ளை பேசியபோதும் அப்படித்தான். மாப்பிள்ளையின் உம்மா உம்மு குல்சும் போனில் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல, "எங்கட மதிலோரத்திலயும் நெறயப் பூ இருக்கு" என்றார் சாச்சி.

அங்கே இருந்தது ஒரு சாண் அகலச் சேறு. மூன்று கிழமையில் அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். பூ இல்லாவிட்டால் சாச்சியின் மற்றச் சொற்களையும் நம்பமாட்டார்கள், சம்பந்தமே நின்றுவிடலாம்.

மதிலை ஒட்டித்தான் சாச்சியின் கணவர் மஹ்மூத் சாச்சா தன் வான் வண்டியை நிறுத்துவார். செடி உயர்ந்தால் வான் கதவு அதன் தலையைச் சீவிவிடும். பேராதனைப் பக்கம் கன்று விற்பவரிடம் சாச்சி கையை விரித்துக் காட்டினார்.

"இதுக்கு மேல வளரக்கூடா. வளந்தா திருப்பித் தருவன்."

செவ்வந்தி உயரம். அடக்கத்தலங்களில் பூக்கும் பட்டிப்பூவை, "அது மையவாடிப் பூ" என்று ஒதுக்கினார். கடைசியில் தரையோடு படரும் பத்துமணிப்பூ, இருபது பை.

"தண்ணி கூடினா அழுகிரும்" என்றார் விற்றவர். வேலை மிச்சம் என்று சாச்சிக்குச் சந்தோஷம்.

வுழூ செய்யும் குழாய் அந்த மதிலில்தான் இருக்கிறது என்பது எங்கள் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் தண்ணீர் முழுவதும் பாத்திக்குள் போனது. இரண்டு கிழமையில் அத்தனையும் அழுகின.

அவர்கள் வரும் ஞாயிறு காலை சாச்சி இன்னும் இருபது பை வாங்கிவந்தார். நேரமில்லாததால் கறுப்புப் பைகளோடேயே மண்ணில் புதைத்தார். குழாயைத் தொடக்கூடாது என்று வீட்டாருக்குக் கட்டளை.

பகல் வெயிலில் பூக்கள் விரிந்திருந்தன. உம்மு குல்சும் வந்ததும் பாத்தியருகே நின்றார்.

"மாஷா அல்லாஹ். எப்ப நட்டது?"

"ரெண்டு வருஷமாகுது."

நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. வந்த ஆண்கள் ஒன்பது பேரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். விருந்தாளியை வுழூ செய்யாதே என்று யார் சொல்வது? சாச்சி சிரித்தபடியே நின்றார். ஏழாவது ஆள் கால் கழுவும்போது கறுப்புப் பைகள் வெளியே தெரிந்தன. ஒன்பதாவது ஆளோடு ஒரு பை பூவும் தானுமாக மிதந்து வந்து உம்மு குல்சுமின் செருப்பில் முட்டியது.

அவர் குனிந்து எடுத்தார். "பேக்கோடயா ரெண்டு வருஷம்?"

சாச்சி பையை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஜன்னலில் நின்ற பர்ஹானா கண்ணை மூடிக்கொண்டாள்.

உம்மு குல்சும் வாயைப் பொத்திப் பார்த்தார், சிரிப்பு அடங்கவில்லை. "குழாயடிக்கு இது சரிவராது. எங்கட ஊட்டுல குட்டக் காசித்தும்பை இருக்கு, ஈரத்துக்கு நல்லம். நிக்காஹுக்கு முன்னுக்கு நானே வந்து நட்டுத் தாறன்."

பர்ஹானா கண்ணைத் திறந்தாள். சாச்சிக்கும் மூச்சு வந்தது.

"தொழுதிட்டு எல்லாரும் சாப்பிட வாங்க. முழுக்க மகள்தான் சமைச்ச" என்றார். பிறகு கையிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே, "வெங்காயம் மட்டும் அவ வெட்டின" என்றார்.