துரையின் வண்டியில் நான்

தோழர்களே! ஜப்பானியர் வந்ததும் எங்கள் தோட்டத்து வெள்ளைத்துரை விட்டோடிய பழைய மோட்டார் வண்டி இன்று எனதாயிற்று. ஜப்பானியர் பழுதென்று ஒதுக்கியதை, ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு கொடுத்துப் பெற்றேன்.

எரியெண்ணெய் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு எருதுகளைப் பூட்டி, ரெம்பாவ் சாலையில் புறப்பட்டேன்.

எதிரே மிதிவண்டியில் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்தார். தம்மைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்காத தொழிலாளியை அறைபவர் அவர். அந்த அறையை என் கன்னமும் அறியும்.

"இறங்குங்க, கிராணி!" என்றேன்.

"மாடு இழுக்கிற காடிக்கு நான் இறங்கணுமாடா?" என்று சிரித்தார்.

வண்டியின் ஊதுகுழலிலிருந்த ரப்பர் குமிழை அழுத்தினேன். துரை வருகையில் தோட்டமே நடுங்கிய அதே ஓசை!

மறுகணம் கிராணி குதித்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் குனிந்து நின்றார்.

அவர் நிமிரும்போதெல்லாம் மீண்டும் அழுத்தினேன்.

அறை வாங்கிய தோழர்களே, நாளையும் அவ்வழியே செல்கிறேன். குமிழை அழுத்த யார் யார் வருகிறீர்கள்?