வோல்காக் கரை நகரத்தைப் பற்றிய கேள்விகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை, எங்கள் அகதி வழக்கு விசாரணைக்காக கனடாவில் நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்டிலிருந்து பஸ் ஏறினோம். வழி நெடுகக் கணவர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அந்த அடிபட்ட கதை வேண்டாம். மனுவிலையும் எழுதேல்லை. சொல்லாதையும்."

"அவை கேட்டால்?"

"கேட்டாலும்."

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ரஷ்யாவுக்குப் பொறியியல் படிக்கப் போனவர்கள். அங்கேதான் சந்தித்தோம், அங்கேயே பதிவுத் திருமணமும் செய்தோம். கனடாவுக்கு வரும் வழியில் சான்றிதழ்கள் தொலைந்துவிட்டன. அதனால் நாங்கள் அங்கே வாழ்ந்தோம் என்பதையே விசாரணை அதிகாரி நம்பவில்லை. நகரத்தின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். வோல்காவின் மேற்குக் கரையோரமாக முருங்கைக்காய் போல நீண்டு கிடக்கும் நகரம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயிலில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வடக்கே டிராக்டர் தொழிற்சாலை, அதை அடுத்து உருக்காலை, தெற்கே இரசாயன ஆலைகள். தெற்குக் காற்று வீசினால் உடுப்புக் காயப்போட மாட்டோம். மாரியில் ஆறு உறைந்ததும் ஆண்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். நாங்கள் இருந்த கடைசி வருடத்தில் ஆலைகள் சம்பளத்துக்குப் பதிலாகச் சட்டிகளைக் கொடுத்தன. பெண்கள் அவற்றை ரயில் நிலையத்தில் பரப்பி விற்றார்கள்.

"ஆற்றுக்கு எத்தனை பாலம்?"

"பாலமே இல்லை. மின்நிலைய அணைக்கட்டுக்கு மேலாலதான் றோட்டுப் போகுது."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியானால் அங்கேயே இருந்திருக்கலாமே? என்ன ஆபத்து?"

மேசைக்குக் கீழே கணவரின் சப்பாத்து என் காலை அழுத்தியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உருக்காலைக்கு எதிரே, டிராம் தரிப்பிடத்தில், ஐந்து இளைஞர்கள். கறுப்பர் தங்கள் ஊருக்குப் போகவேண்டும் என்று கத்தினார்கள். கணவரைத் தள்ளி விழுத்தி மிதித்தார்கள். நான் வீதியைக் கடந்து ஆலை வாசலுக்கு ஓடினேன். காவலாளி அசையவில்லை. வேலை முடிந்து வந்த கிரேன் ஓட்டும் பெண் ஒருத்திதான், மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு என்னோடு ஓடிவந்தாள். பையன்கள் சிதறினார்கள். கணவர் நினைவிழந்து கிடந்தார். பொலிஸ் முறைப்பாட்டை எழுதவே இல்லை.

"இது ஏன் மனுவில் இல்லை?"

"அவருக்கு வெக்கம்" என்றேன்.

என் காலிலிருந்த சப்பாத்து எப்போதோ விலகியிருந்தது. கணவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சப்வே ரயிலில் அவர் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். கோபம் என்றே நினைத்தேன். வார்டன் ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"ஆலை வாசலுக்கோ ஓடினீர்?"

"ஓம். வேறை எங்கை?"

"விழேக்கை நீர் ஓடுறதைத்தான் கடைசியாப் பாத்தன். விட்டிட்டு ஓடிப்போட்டீர் எண்டுதான்..."

"இவ்வளவு காலமுமோ?"

தலையை ஆட்டினார். நினைவு திரும்பியபோது சுற்றி நின்ற அந்தப் பெண்கள் தற்செயலாக வந்தார்கள் என்று எண்ணியிருக்கிறார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே விடாததை நான் வெட்கம் என்று எண்ணியிருந்தேன்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!" நான் கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பயமா இருந்தது. ஓம், ஓடினனான் எண்டு நீர் சொன்னால் பிறகு நான் என்ன செய்யிறது?"

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவரும் ஏறாமல் பக்கத்திலேயே நின்றார். அடுத்த பஸ்ஸையும் விட்டோம்.

இரண்டு மாதத்தில் எங்களை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. என் கோபம் அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் ரஷ்ய மொழியில் ஏதோ எழுத உட்கார்ந்தார்.

"அந்தக் கிரேன்காரியின்ரை பேர் என்ன?"

எனக்கும் தெரியாது. உருக்காலையின் விலாசத்தைப் போட்டு, 'கிரேன் ஓட்டும் பெண்களுக்கு' என்று எழுதித் தபாலில் சேர்த்தார்.