மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பிப் போனவர்

நாட்டின் தலைநகரில், லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் ஒரு மே மாத மத்தியானம் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். முகமும் முழங்கை வரை கைகளும் வெயிலில் கறுத்திருந்தன. குனிந்து, நடைபாதை ஓரத்துப் புல்லில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு நிமிர்ந்து சிரித்தார்.

"என்னங்க பார்க்கறீங்க?" என்றேன்.

"சூடு. பழக்கமாயிடுச்சு. மண் ஆராய்ச்சிதான் என் வேலை."

ஆர்.கே.புரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ராஜஸ்தானில் ஒரு கிராமத்துக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"ஆடு மேய்க்கறதை நிறுத்துங்க, புல் செழிக்கும், காத்துல இருக்கற கரியை, அதான் கார்பனை, மண் பிடிச்சு வச்சுக்கும்னு சில வருஷம் முன்னாடி அங்க நான்தான் சொன்னேன். என்னை நம்பிப் பாதி ஆடுகளை வித்துட்டாங்க. இப்ப அளந்து பார்த்தா, சூடு ஏற ஏற மண்ணுல இருக்கற நுண்ணுயிர்கள் பழைய கரியையும் தின்னு காத்துல விடுது. சேர்றதைவிடப் போறது ஜாஸ்தி. நான் சொன்னது தப்புன்னு சொல்லத்தான் போனேன்."

"திட்டினாங்களா?"

"இல்லை. 'அச்சா, அப்ப ஆட்டை மறுபடி புல்வெளிக்குள்ளே விடலாமா?'ன்னு கேட்டாங்க." மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கும் எனக்குப் பதில் தெரியலைங்க."

என் அரசாங்க வேலையில் எத்தனையோ திட்டங்கள் தப்பாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். தன் தப்பை அந்த ஊருக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். அவரோ என் முகத்தைப் பார்க்கவும் கூசி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.