படையலில் ஒரு தேங்காய் பன்

தாத்தா இறந்துபோனதைவிட, அவருக்கு என்ன பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். விடியுமுன் கத்திரிக்காயும் கீரையும் மூட்டை கட்டி, மொபெட்டில் ஏற்றிக்கொண்டு புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார் தாத்தா. வெயில் ஏறித் திரும்பினால் நேரே கழனிதான். பெரியப்பாவையும் அப்பாவையும் படிக்க வைத்தது, அத்தையைக் கட்டிக் கொடுத்தது, மாடி வீடு எழுப்பியது எல்லாம் அந்த மொபெட்டும் அவர் முதுகும்தான். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

கருமாதிக்கு முதல் நாள் படையல். போனவருக்கு எது உயிரோ அதைப் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆசை தீராமல் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார் என்பார்கள். எதிர்வீட்டுக்காரருக்குக் குவார்ட்டர் பாட்டில் வைத்தார்கள், ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் தாத்தா விஷயத்தில்தான் சிக்கல்.

“நைனாவுக்கு கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு” என்றார் பெரியப்பா.

“இன்னா பேசற நீ? எங்க வூட்டுக்கு வந்தா அதிரசந்தான் தின்னுவாரு” என்றாள் அத்தை.

அம்மா தன் காரக்குழம்பை விட்டுக்கொடுக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கும் பெரியம்மா, அத்தை, அம்மா மூன்று பேரிடமும் தாத்தா ஒன்றையேதான் சொல்லியிருக்கிறார்: உன்னைப் போல் யாராலும் செய்ய முடியாது. ‘எனக்கு இது வேண்டும்’ என்று எப்போதாவது கேட்டாரா என்று அப்பா கேட்டதும் பெரியப்பா அத்தையைப் பார்த்தார், அத்தை அம்மாவைப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் எதையாவது வைத்து, தாத்தா ராத்திரியில் பசியோடு வந்து நின்றால் என்ன செய்வது?

கடைசியில் மூன்றையும் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றப் போகும்போது புதுப்பட்டினம் டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பேப்பர் பொட்டலம். பிரித்தால் தேங்காய் பன்.

“பெரியவரு டெய்லி இத வாங்காம வண்டிய எடுக்க மாட்டாரு. தனக்குன்னு ஒரு டீ சொன்னதில்ல. பேத்திக்குன்னு கட்டினு போவாரு” என்றவர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீதானே அது?”

வீட்டுக்கு நான் ஒருத்திதான் பேத்தி. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“அதான் இவ மட்டும் குண்டா கீறா” என்றான் பெரியப்பா மகன்.

“எனக்கு ஒரு நாளும் குடுக்கல” என்று அழுதேன். சத்தியமாகத்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. டீக்கடைக்காரர் வேறு, தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டது போல விழித்துக்கொண்டு நின்றார்.

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். “மாமா சட்டப் பாக்கெட்டுல டெய்லி எறும்பு மொய்ச்சிகினு இருக்கும். ஏன்னு தெரியாமலே தோச்சிகினு இருந்தேன்.”

பிறகு பெரியப்பா சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே எப்படியோ மாறி, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அத்தை கருவாட்டுக் குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு, இலையின் நடுவில் அந்தப் பன்னை வைத்தாள்.

படையல் முடிந்ததும் அதை எடுத்து முழுசாக என் கையில் கொடுத்தாள். பங்குக்கு வந்த பெரியப்பா மகனை விடவில்லை. “அது அவ பன்னு, போடா” என்றாள்.

எனக்கோ கோபம் ஆறவில்லை. தனக்கென்றே சொல்லி வாங்கியிருக்கலாமே, யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? என் பெயரை எதற்கு இழுக்க வேண்டும்? இத்தனை நாள் எனக்கு வந்திருக்க வேண்டியதற்குத்தான் இப்போது ஈடுகட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அங்கேயே நின்று ஒரு துளி விடாமல் தின்றேன். பெரியவர்கள் எல்லோரும் நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பன்னுக்குப் போய் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.