அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறிய கதை

வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் அலுவலகம். மெயில் சர்வர் என் பொறுப்பு. ஆறு மாத ப்ரொபேஷனில் ஒரு தப்பும் செய்யவில்லை என்று எனக்கு நல்ல திமிர்.

முதலாளி கூப்பிட்டார். "தம்பி, ஒவ்வொருத்தர் அட்ரஸா டைப் பண்ண முடியல. நான் யாருக்கு மெயில் போட்டாலும் ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு காப்பி போவணும்."

இதெல்லாம் ஒரு வேலையா? வருகிற போகிற மெயிலையெல்லாம் வடிகட்டிப் பார்க்க சர்வரில் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன ப்ரோக்ராம் உண்டு. அதற்கு முதலில் அனுப்புநர் முகவரி, அடுத்துப் பெறுநர் முகவரி என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். அனுப்புநர் முதலாளி என்றால் ஆபீஸில் நாற்பது பேருக்கும் நகல் என்று ஒரு விதி சேர்த்தால் போதும். அரை மணியில் எழுதி முடித்து, முதலாளி முகவரியிலிருந்து முதலாளி முகவரிக்கே ஒரு மெயில் போட்டுச் சோதித்தேன். எல்லோருக்கும் போனது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கேன்டீனில் முதலாளி வடைக்குக் கையை நீட்ட, டெஸ்பாட்ச் அக்கா தட்டை இழுத்துக்கொண்டார். "வோணாம் சார். உங்களுக்கு சுகர் கீது. வூட்ல மேடம் அவ்ளோ சொல்லிக்கிறாங்க."

முதலாளி விழித்தார். நான் ஓடிப்போய் மெயிலைத் திறந்தேன். அவர் மனைவி அவருக்கு எழுதியது, ரத்தப் பரிசோதனை முடிவோடு, நாற்பது பேருக்கும் வந்திருந்தது. கூடவே, ஊரப்பாக்கத்தில் மச்சினன் கிரகப்பிரவேசம் என்று ஒரே வெள்ளிக்கிழமைக்கு மூன்று பேர் வரி மாறாமல் போட்டிருந்த லீவு லெட்டர்கள். மூவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு முகவரிகளையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி அனுப்புவதை விட்டுவிட்டு, முதலாளிக்கு வருவதையெல்லாம் ஸ்கிரிப்ட் ஊருக்கே விநியோகித்திருக்கிறது. நான் சோதித்ததில் இரண்டு பக்கமும் ஒரே முகவரி. எப்படிப் போட்டாலும் பாஸ்தான். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

போய் ஒப்புக்கொண்டேன். முதலாளி கத்தவில்லை. "சரி பண்ணுப்பா" என்றார். அதுதான் பயமாக இருந்தது. வரிசையைத் திருத்தி, வேறு வேறு முகவரிகளை வைத்து நாலு தடவை சோதித்தேன்.

சாயங்காலம் பக்கத்து சீட் நண்பன் துள்ளிக்கொண்டு வந்தான். "மச்சான், சூப்பர்டா! இப்ப கரெக்டா வருது!"

மெயிலைத் திறந்தேன். எல்லாருக்கும் காப்பி கேட்டதே தான்தான் என்பதை மறந்து, தன் பங்குதாரர் ஒருவருக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார் முதலாளி: "மெயில் பையன் நல்லவன்தான், கவனம் பத்தாது. இப்ப பர்மனன்ட் வேண்டாம், இன்னும் ஆறு மாசம் பாப்போம்." நாற்பது பேருக்கும் ஒரு எழுத்துகூட விடுபடாமல் வந்திருந்தது. எனக்கும்தான்.